வெள்ளொளி தந்த வியன்னா விஞ்ஞானி

ஒரு தேசத்தின் கடற்கரையில் மிதிபட்டுக் கிடக்கும் மணல் மற்றொரு தேசத்தாருக்குப் பெருஞ்செல்வமாவது எங்ஙனம் என்பதை அறிய விரும்புவோர், ஆஸ்திரிய ரசாயன சாஸ்திரி கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக்கின் சரித்திரத்தை அறிதல் வேண்டும். நம் நாட்டுக் கலியாண ஊர்வலங்களிலும், தேர்த் திருவிழாக்களிலும், அரசியல் பொதுக்கூட்ட மேடைகளிலும் தலைமுறை தலைமுறையாக எரிந்த காஸ் விளக்கின் மேண்டில், அப்பெரியாரின் மூளையில் உதித்ததாகும்.

அவர் 1858-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தையார் அங்குள்ள அரசாங்க அச்சகத்தின் தலைவர். மைந்தருக்குப் பதினொரு வயது நிறையுமுன் அவர் காலமானார். வெல்ஸ்பாக் வியன்னாவில் கற்று, பின்னர் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் ஸர்வகலாசாலையில் புன்ஸன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1882-ல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். அபூர்வ மண்கள் என்று சாஸ்திரிகள் வழங்கும் தாதுப்பொருள்களை ஆராய்வதே அவர் மேற்கொண்ட பணி. ஒரே மூலப்பொருள் என்று உலகம் நம்பியிருந்த டிடிமியத்தை 1885-ல் பிரஸியோடிமியம், நியோடிமியம் என்னும் இரண்டாக அவர் பிரித்துக் காட்டினார்.

இவ்வாராய்ச்சியினிடையே, சில மண்கள் சுவாலையில் காய்ந்ததும் பிரகாசமாக ஒளிர்வதை அவர் கண்டார். பருத்தி வலையை அம்மண்களின் கரைசலில் தோய்த்து எரித்தால், நூல் சாம்பலாகி மறைய, மண்ணாலாகிய கூடு மட்டும் நிற்கும். மங்கிய காஸ் சுவாலை அக்கூட்டைக் காய்ச்ச, அது ஒளி வீசும். மக்னீஸியம், லாந்தனம், இட்ரியம் ஆகியவற்றாலான முதல் மேண்டிலுக்கு 1885-ல் அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதன் ஒளி பச்சை கலந்திருந்தது. கூடோ எளிதில் உடைந்தது. மக்கள் அதை விரும்பவில்லை. 1887-ல் அட்ஸ்கெர்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் தொடங்கிய தொழிற்சாலை இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது.

பிறராயின் அத்துடன் ஓய்ந்திருப்பர். வெல்ஸ்பாக் ஓயவில்லை. தூய தோரியம் ஆக்ஸைடு தனியே நின்றால் ஒளி தருவதில்லை என்றும், அதனுடன் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் வெண்மையான ஒளி பிறக்கும் என்றும் அவர் கண்டறிந்தார். 1891-ல் புதிய மேண்டில் வெளிவந்து, அவ்வாண்டு நவம்பரில் வியன்னாவின் ஒபரா காப்பி மண்டபத்தின் முன் எரிந்தது. மின்சார விளக்கால் மாளவிருந்த காஸ் விளக்கு மறுபிறவி எடுத்தது. அதனுடன் திருப்தியுறாத அவர் 1898-ல் ஆஸ்மியம் இழையால் மின்விளக்கையும் திருத்தினார். தோரியம் எடுத்தபின் குப்பையாகக் குவிந்த சீரியத்தை இரும்புடன் கலந்து, உரசினால் பொறி பறக்கும் கல்லாக்கி, 1903-ல் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரிலுள்ள சிறு கல் அதுவே. 1929 ஆகஸ்டு 4-ந் தேதி கரிந்தியா பிரதேசத்திலுள்ள தமது மாளிகையில் அவர் காலமானார்.

இனி நம் மணலுக்கு வருவோம். தோரியம் மோனசைட் என்னும் மணலில் அடங்கியிருப்பது. முதலில் ஐரோப்பியர் அதைப் பிரேஸில் நாட்டிலிருந்து பெற்றனர். 1909-ல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலால் துப்பறிந்து, மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டைக் கண்டார் என்பர். 1914-ல் யுத்தம் மூண்டபின் அத்தொழில் ஜெர்மானியர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. எஜமானர் மாறினரேயன்றி மணல் கப்பலேறுவது மாறவில்லை. நாம் மண்ணை விற்று விளக்கை வாங்கினோம்! சுதந்தரத்திற்குப் பின்னரே, 1950-ல் இந்திய அபூர்வ மண் கம்பெனி தோன்றி, 1952-ல் ஆலுவாயில் ஆலை திறக்கப்பெற்றது. 1955-ல் டிராம்பேயில் தோரிய ஆலையும் எழுந்தது. மணவாளக்குறிச்சி 1956-ல் தாய்த் தமிழகத்துடன் இணைந்தது.

ஆயின் இவ்வொளிக்கு ஒரு நிழலும் உண்டு. மேண்டில் வெளிவந்து ஏழாண்டுகள் சென்றபின், 1898-ல் ஷ்மிட் என்னும் ஜெர்மானியரும் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே ஆராய்ந்து, தோரியம் கதிரியக்கமுடையது என்று நிலைநாட்டினர். அதன் பாதி அழிய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். அது வெளிவிடும் ஆல்பாக் கதிரைத் தோலே தடுத்துவிடும். எரியும் விளக்கருகே உட்கார்ந்திருப்பவர் பெற்ற கதிர் அற்பமே. ஆயினும் உடைந்த மேண்டிலின் பொடி மூச்சுடன் உட்சென்றால் அத்தோல் காவல் அங்கில்லை. ஆதலின் தோரியம் கலந்த மேண்டிலைக் காற்றோட்டமுள்ள இடத்தில் மாற்றுவதும், பொடியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கைகழுவுவதும், குழந்தைகளை விலக்கி வைப்பதும் முறையாம். பிற்காலத்தில் மேல்நாட்டுத் தயாரிப்பாளர் பலர் தோரியத்தை விடுத்து, வெல்ஸ்பாக் தமது முதல் மேண்டிலில் கையாண்ட இட்ரியத்தையே மீண்டும் நாடினர்.

1891-ல் எவரும் அறியாத ஒன்றை அறியாதிருந்தமைக்காக வெல்ஸ்பாக்கைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆயினும் 1898-க்குப் பிறகு உலகம் அறிந்தது. அவ்வறிவு ஆராய்ச்சிச் சாலையினின்று வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததா? நாளெல்லாம் மேண்டிலைத் தோய்த்துத் தைத்த தொழிலாளிக்கும், ஊர்வலத்தில் விளக்கைத் தலையிற் சுமந்த ஏழைக்கும் அதை எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? ரேடியம் பூசிய பழைய கடிகாரமும், அமெரிசியம் அடங்கிய புகையுணர் கருவியும் இன்றும் வீடுகளில் உள்ளன. இவற்றைக் கண்டு அஞ்சி ஓடவேண்டுவதில்லை. அறிந்து கையாளவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

வெல்ஸ்பாக் பிரித்த நியோடிமியம் இன்று காற்றாலைகளுக்கும் மின்மோட்டார்களுக்கும் வேண்டிய வலிய காந்தமாகிறது. அதுவும் நம் கடற்கரை மோனசைட்டில் உள்ளதே. ஆகவே மணலின் மதிப்பு குறையவில்லை, கூடியே வருகிறது. அதை எடுப்பதா, எவ்வளவு எடுப்பது, எவ்விதக் காவலுடன் எடுப்பது என்னும் கேள்விகளில் அக்கரையில் வாழும் மீனவ மக்களின் குரல் முதலில் கேட்கப்படவேண்டும். அன்னியர் ஆட்சியில் நம்மைக் கேளாமலே மணல் போயிற்று. சுயராஜ்யத்திலும் கேளாமலே போகுமாயின், ஆள்பவர் மாறியதால் அக்கரையார் கண்ட நன்மை யாது?