விக்கிரம் சாராபாய்

விக்கிரம் சாராபாய் (ஆகஸ்ட் 12, 1919 - டிசம்பர் 30, 1971) ஓர் இந்திய இயற்பியலாளர். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனக் கருதப்படுகிறார். அகமதாபாத்தில் பிறந்த இவர், 1947இல் அங்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

தொலைதூரச் சிற்றூர்களுக்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியே கல்வியைக் கொண்டு சேர்க்கலாம் என்பது இவரது கருத்தாகும். இதற்கென 1969இல் நாசாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் ஒளிபரப்பைக் காணுமுன்பே கோவளத்தில் காலமானார்.

'சைட்' எனப்பட்ட அத்திட்டம் 1975-76இல் ஓராண்டு நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் பயனடைந்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சியில் ஒரே ஊடகத்தை நம்பாமல் தொலைக்காட்சி, வானொலி, அச்சுப் பாடங்கள், செய்முறைகள் ஆகியன இணைத்துப் பயன்படுத்தப்பட்டன.

பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தொடங்கிய கல்வி ஒளிபரப்புக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஊடக மையமும் பின்னர் நிகழ்ச்சிகளைத் தயாரித்தளித்தது.