வக்கீல் அங்கியைத் துறந்த புனித அல்போன்ஸ் லிகோரி

1696ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகருக்கருகே பிறந்த அல்போன்ஸ், 16 வயதிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வக்கீல் தொழில் பொருளும் புகழும் தந்தது. 1723இல் பெரிய வழக்கொன்றில் தோற்றார். மனமுடைந்து அறைக்குள் அடைந்து கிடந்தார். பின்னர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்கையில் இறையழைத்தலை உணர்ந்தார். பிரபு குலத்துக்குரிய தம் வாளைத் தேவதாயின் பீடத்தில் வைத்துவிட்டார். கடற்படை அதிகாரியான தந்தை எவ்வளவோ தடுத்தும் மகன் தளரவில்லை. 1726இல் குருப்பட்டம் பெற்று, மலைப்பகுதி ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்க 1732இல் இரட்சகர் சபையை நிறுவினார். 1787இல் இறைவனடி சேர்ந்த அவரைத் திருச்சபை 1839இல் புனிதராகவும், 1871இல் மறைவல்லுநராகவும் உயர்த்தியது.

வருமானம் போய்விடுமே என்று பிள்ளைகளின் இறையழைத்தலைத் தடுக்கும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. பிள்ளைகளை மனமுவந்து இறைவனுக்குக் கையளிக்கும் வரத்தை இப்புனிதர் வழியாக நாம் மன்றாடுவோமாக.