பாடினார், கணக்கும் கொடுத்தார்

ஐரா சாங்கி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1840-ல் பிறந்தவர். அப்பா நியூ காசில் ஊரில் ஒரு வங்கியின் தலைவர். மகனும் சில காலம் அங்கே வேலை பார்த்தார். உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, அரசு வரி அலுவலகத்தில் சேர்ந்தார். எண்களோடு பழகியவர் என்பதால் எனக்கு இவர் மேல் தனிப் பிரியம்.

1870-ல் இண்டியானாபொலிஸ் ஒய்.எம்.சி.ஏ. மாநாட்டில் இவர் பாடியதைக் கேட்ட பிரசங்கியார் டி.எல். மூடி, வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னார். குடும்பஸ்தர், நிரந்தர உத்தியோகம். முடிவெடுக்கச் சில மாதங்கள் ஆயின.

1873-ல் இருவரும் பிரிட்டன் போனார்கள். சாங்கி சின்ன ஆர்கனை வாசித்துக்கொண்டே பாடுவார். எடின்பரோவுக்கு ரயிலில் போகும்போது, காணாமல் போன ஆட்டைப் பற்றிய ஒரு கவிதையைப் பத்திரிகையில் பார்த்துக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அங்கே நடந்த கூட்டத்தில் மூடி திடீரென்று பாடச் சொல்ல, அந்தத் துண்டுக் காகிதத்தை எதிரில் வைத்து, மெட்டை அந்த நிமிடமே போட்டுப் பாடினார். முதல் சரணத்தைவிட இரண்டாவதுதான் கஷ்டம், அதே மெட்டு நினைவில் இருக்க வேண்டுமே!

ஜனங்கள் பாட்டுகளைக் கேட்டு நச்சரித்ததால் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அதுவே பின்னாளில் 1,200 பாடல்கள் கொண்ட பெரும் தொகுப்பாக வளர்ந்தது. விற்பனை எகிறியதும், இவர்கள் பணம் பண்ண வந்தவர்கள் என்ற பேச்சு கிளம்பியது. அதற்கு அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை. ராயல்டியைத் தொடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் சேர்ந்த சுமார் 7,000 பவுன், சிகாகோ தீவிபத்தில் எரிந்துபோன மூடியின் ஆலயத்தைக் கட்டி முடிக்கப் போனது. அமெரிக்காவில் பிலிப் பிளிஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட பாட்டுப் புத்தகங்களின் ராயல்டிக்கு வியாபாரப் பிரமுகர்களை டிரஸ்டிகளாகப் போட்டார்கள். 1885 வரை அதில் சேர்ந்தது மூன்றரை லட்சம் டாலருக்கு மேல். பிற்பாடு அந்த வருமானம் நார்த்ஃபீல்டில் மூடி நடத்திய பள்ளிகளுக்குப் போயிற்று. கையெழுத்துப் போடும் அதிகாரத்தையே பிறரிடம் கொடுத்துவிடுவது லேசான காரியமில்லை.

1895-ல் பிக்லோ அண்ட் மெயின் என்ற பாட்டுப் புத்தகப் பதிப்பகத்தின் தலைவரானார். எழுதி வைத்திருந்த தன் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி, பேட்டில் கிரீக் சானிடோரியம் தீப்பிடித்தபோது சாம்பலானது. அடுத்த வருடம், 1903-ல், கிளாக்கோமாவால் கண்பார்வையும் போயிற்று. ஆனாலும் ஞாபகத்திலிருந்தே மறுபடி அந்தப் புத்தகத்தை உருவாக்கி வெளியிட்டார். 1908 ஆகஸ்டில் புரூக்ளினில் காலமானார்.