சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 – 1995)

மாணவர்களே, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எல்லா ஆசிரியர்களும் துணை நிற்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். எப்போதும் அவ்வாறு அமைவதில்லை. பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து என்னிடம் தமிழ் படிக்க வந்த மாணவி ஒருத்தி, கணிதத்தில் எப்போதும் அதிக புள்ளி பெறுபவள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர ஆசைப்பட்டாள். லயத்துப் பிள்ளைகளுக்கு அது சரிவராது என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்று முதல் அவள் வகுப்பில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு நான் சொன்ன வாழ்க்கை வரலாறு இது.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1910 ஒக்டோபர் 19ஆம் திகதி லாகூர் நகரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். விஞ்ஞானி சேர் சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தை. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே கற்ற சந்திரசேகர், பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பாடசாலையிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1930இல் பௌதிகவியலில் சிறப்புப் பட்டமும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் புலமைப்பரிசிலும் பெற்றார்.

கப்பலில் செய்த கணிப்பு

அவ்வாண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 19. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்ததும் சுருங்கி, பூமியளவான வெண்குறுமீனாக மாறும். எத்தனை பெரிய விண்மீனும் இறுதியில் இவ்வாறே அமைதியடையும் என்று அன்றைய அறிஞர்கள் கருதினர். சந்திரசேகரோ, உள்ளே இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அண்மிப்பதால் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணித்தார். வெண்குறுமீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்ற விடை கிடைத்தது. அது சூரியனின் திணிவைப் போல ஏறத்தாழ 1.4 மடங்காகும். எஞ்சிய திணிவு அதற்கு மேற்பட்டால் விண்மீன் மேலும் மேலும் சுருங்கும்.

ஆசானின் எதிர்ப்பு

கேம்பிரிட்ஜில் அவரது ஆய்வை மேற்பார்வை செய்தவர் பௌலர். ஆயினும் அங்கிருந்த புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டனையும் சந்திரசேகர் ஆசானாகவே மதித்தார். எடிங்டன் அவரது அறைக்கு அடிக்கடி வந்து கணிப்புகளைப் பார்ப்பார். கணிக்கும் பொறி ஒன்று கிடைக்கவும் உதவினார்.

1935 ஜனவரி 11ஆம் திகதி இலண்டனில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை வெளியிட்டார். அடுத்து எழுந்த எடிங்டன் அந்த முடிவு அபத்தமானது என்றும், விண்மீன் அவ்வாறு நடப்பதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றும் பேசினார். சபை சிரித்தது. தம் மறுப்பை அவர் சந்திரசேகரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. 24 வயது இளைஞருக்கு அது பேரிடியாக இருந்தது.

அவர் செய்தவை

முதலாவதாக, தம் கணிப்பைப் பிறரிடம் சரிபார்க்கக் கொடுத்தார். கொப்பன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்பெல்டுக்கு எழுதினார். அவரும் நீல்ஸ் போரும், பின்னர் பவுலியும், கணிப்பு சரியென்றே கருதினர். ஆனால் போரோ பவுலியோ அதைப் பகிரங்கமாகச் சொல்ல முன்வரவில்லை. இரண்டாவதாக, 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1939இல் வெளியிட்ட நூலில் தம் முடிவை முழுமையாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுத் துறைக்குச் சென்றார். மூன்றாவதாக, எடிங்டன் மீதான மதிப்பை அவர் கைவிடவில்லை. 1944இல் எடிங்டன் இறந்தபோது, அவரைப் பெரிதும் புகழ்ந்து அஞ்சலியுரை ஆற்றினார்.

இதில் இழப்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எடிங்டனின் பெயருக்கு இருந்த செல்வாக்கினால் அந்த உண்மை பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. நியூத்திரன் விண்மீன், கருந்துளை ஆகியவை பற்றிய ஆய்வுகள் வளர்ந்த பின்னரே அதன் பெருமை விளங்கியது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பற் பயணத்திலிருந்து அதற்கு 53 ஆண்டுகள் சென்றிருந்தன.

ஆசிரியராக

தாம் ஆசிரியரானபோது அவர் வேறுவிதமாக நடந்தார். யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திலிருந்து நெடுந்தூரம் காரோட்டிச் சென்று, சிக்காகோவில் மிகச் சிறிய வகுப்பொன்றுக்கும் கற்பித்தார். அவ்வகுப்பில் இருந்த லீ, யாங் ஆகிய இருவரும் 1957இல், அவருக்கு முன்பே, நோபல் பரிசு பெற்றனர். சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21ஆம் திகதி காலமானார். 1999இல் விண்ணுக்கு ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

அந்த மாணவி தன் கணிதக் கொப்பியைப் பதுளையில் வேறொரு கணித ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பிழைகள் இரண்டைத் திருத்தி, மேலும் படிக்கச் சொன்னார். அவள் தன் வகுப்பாசிரியருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை. கேள்வி கேட்பதையும் மீண்டும் தொடங்கிவிட்டாள்.

பயிற்சி
1. சந்திரசேகர் கப்பலில் கண்டறிந்த எல்லை யாது?
2. எடிங்டனின் எதிர்ப்பை அவர் எதிர்கொண்ட மூன்று வழிகளையும் எழுதுக.
3. ஆசிரியர் ஊக்கம் தராதபோது மாணவர் செய்யத்தக்கவை பற்றி ஒரு பந்தி எழுதுக.