காவலூர் கண்ட வைணு பாப்பு

ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடும் தொழிலால் புகழ்பெற்ற ஊர்கள். அவற்றிற்குத் தென்கிழக்கே சவ்வாது மலை உயர்ந்து நிற்கின்றது. அம்மலைமீது, கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில், காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே விண்மீன்களை ஆராயும் பெரும்பணிக்கு வித்திட்டவர் வைணு பாப்பு ஆவார்.

அவர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிசாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றினார். ஆதலின், இளமையிலேயே பாப்புவின் உள்ளம் வானத்தை நாடிற்று. 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தாம் எடுத்த நிழற்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது அவர் பெயரையும் உடன் பணியாற்றிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

தாயகம் திரும்பிய பாப்பு, 1960-இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் தலைவரானார். தொலைவிலுள்ள விண்மீனின் ஒளி, நெடுங்காலம் பயணம் செய்து மிக மெலிந்தே நம்மை அடைகின்றது. அதனைப் பெறும் நிழற்படத் தகடோ, நூறு ஒளித்துகள்களில் இரண்டொன்றையே பதிவு செய்யும், எஞ்சியவை வீணாகும். இவ்விழப்பை ஈடுசெய்ய இருண்ட வானமும் பெரிய ஆடியும் வேண்டும். அத்தகைய வானத்தைத் தேடியே அவர் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி இயங்கியது. 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. 1977-இல் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளின் வளையத்திற்குச் சான்று காவலூரிலும் பதிவாயிற்று.

இதனினும் பெரிய 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே ஆக்க அவர் திட்டமிட்டார். அது நிறைவுறுமுன், 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் செருமனியின் மியூனிக் நகரில் காலமானார். 1986-இல் அத்தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

பின்னர் அங்கே தகட்டின் இடத்தைச் சிலிக்கன் வில்லை பெற்றது. ஒளி படுந்தோறும் அதில் மின்துகள்கள் தோன்றும். குடங்களில் மழைநீர் சேர்வதுபோல, அவை நுண்ணிய கட்டங்களில் சேர்ந்து நிற்கும். பின்னர் வரிசையாக அளக்கப்படும். வெப்பத்தாலும் பொய்யான மின்துகள்கள் தோன்றுமாதலின், வில்லையைக் கடுங்குளிரில் வைப்பர். அவ்வாறு காத்தால், நூறு ஒளித்துகள்களில் பாதிக்கு மேலும் பயன்படும்.

பாப்பு தேடிய இருண்ட வானமும், அவர் திட்டமிட்ட பெரிய ஆடியும் இன்றேல், இவ்வில்லைக்குச் சேமிக்க ஒளி ஏது? தாம் காணாத பயனுக்கும் வழி செய்து வைப்பதே சான்றோர் செயலாகும்.