மிருகத்தனம் என்னும் சொல்லும் மொந்தேனின் ஐயமும்

கொடுமை ஒன்று நிகழ்ந்தால் அதனை மிருகத்தனம் என்று எழுதுவது பத்திரிகையாளரான எமது வழக்கம். அச்சொல்லின் அடியில் கிடக்கும் எண்ணத்தையே நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐயுற்றவர், பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் டி மொந்தேன்.

1533ஆம் ஆண்டு, போர்தோ நகருக்குக் கிழக்கேயுள்ள குடும்ப மாளிகையில் அவர் பிறந்தார். தந்தையாரின் ஏற்பாட்டினால் இலத்தீனே அவரது முதல் மொழியாயிற்று. 1557 முதல் போர்தோ நீதிமன்றத்தில் பணியாற்றிய அவர், 1563இல் தம் உயிர் நண்பர் லா பொயேத்தியை நோய்க்குப் பறிகொடுத்தார். 1570இல் பதவியை நீங்கி, 1571இல் மாளிகைக் கோபுரத்திலிருந்த நூலகத்தில் ஒதுங்கினார்.

வெளியே நாடு எரிந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்குமிடையே 1562இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1598 வரை நீடித்தது. 1572 ஓகஸ்டில் பாரிசில் தொடங்கிய படுகொலை போர்தோ வரை பரவிற்று. அயலவரை அயலவரே கொன்றனர்; கொல்லுமுன் வதைத்தனர். மொந்தேன் கத்தோலிக்கர், மன்னருக்கு விசுவாசமானவர். எனினும், தம் தரப்பினர் செய்தார்கள் என்பதற்காக எக்கொடுமையையும் அவர் நியாயப்படுத்தவில்லை.

1580இல் அவரது கட்டுரைகளின் முதலிரு பாகங்களும் வெளிவந்தன. அவற்றுள் மிக நீண்ட கட்டுரையிலே, மனிதன் தன்னை ஏனைய உயிர்களுக்கு மேலாக உயர்த்திக்கொள்வதை வெறும் அகந்தையெனச் சாடினார். சிலந்தியின் வலையிலும் தகைவிலான் குருவியின் கூட்டிலும் அறிவின் செயலைக் கண்டார். விலங்கின் மொழி எமக்கு விளங்காதது அதன் குறையா, எமது குறையா எனக் கேட்டார். தம் பூனையோடு விளையாடுகையில், யார் யாரைக்கொண்டு பொழுதுபோக்குகிறார் என்றும் வியந்தார்.

கொடுமை பற்றிய வேறொரு கட்டுரையில், விலங்குகளின் இரத்தத்தைக் கண்டு களித்த உரோமர் பின்னர் மனிதர் மடிவதையும் கண்டு களித்ததை நினைவூட்டினார். மனிதருக்கு நீதியும், ஏனைய உயிர்களுக்கு அருளும் நாம் கொடுக்கவேண்டிய கடன் என்பது அவர் முடிபு. அவரும் வேட்டையாடியவர்தாம், ஆயினும், நாய்களின் வாயிலகப்பட்ட முயலின் ஓலத்தை அவரால் தாங்க இயலவில்லை. இம்முரண்பாட்டை அவர் மறைக்கவுமில்லை.

1581 முதல் 1585 வரை போர்தோவின் நகரபிதாவாக விளங்கியவர், அடுத்த ஆண்டில் அகதியானார். போரை அடுத்துக் கொள்ளைநோய் வந்தது. திராட்சைக் குலைகள் பறிப்பாரின்றிக் கொடியிலேயே தொங்கின. முதிய தாயாரையும் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ஆறு மாதங்கள் அலைந்தார். ஒருவர் விரல் நொந்தாலும், தங்கிய இடத்தைவிட்டுப் பெயரவேண்டியிருந்தது. நண்பர்களும் அஞ்சினர். கதவு தட்டி நின்ற எம்மவருக்கு இப்பகுதியை விளக்கவேண்டியதில்லை.

1592இல் தம் மாளிகையிலேயே அவர் காலமானார். 1637இல் டேக்கார்ட் விலங்குகளை இயந்திரங்களுக்கு ஒப்பிட்டு, மனிதனை மீண்டும் தனிமேடையில் ஏற்றினார்.

பல்கலைக்கழகத்தில் மொந்தேனைக் கற்பித்த நாட்களில், இவற்றை நாம் சுவையான தருக்கமாகவே கொண்டோம். போர் கண்டபின் அவ்வாறு கொள்ள முடியவில்லை. எந்த ஓநாயும் பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு வீடு தேடி வருவதில்லை. மனிதனுக்கு மேன்மை உண்டெனில், அது செய்ததற்குப் பொறுப்பேற்கக்கூடியவன் என்பதில் மட்டுமே இருத்தல் கூடும். பொறுப்பேற்க மறுக்குமிடத்து அம்மேன்மையும் இல்லை. மிருகத்தனம் என்ற சொல்லோ, அப்பொறுப்பை வாய்பேசா உயிர்களின் தலையில் சுமத்திவிடுகிறது. ஆதலால், அதனை இனி எழுதுமுன் நாம் சற்றுத் தயங்குவோம்.