இதயச் சுவரில் துளை இல்லை என்றவர்: அல்லாமா இப்னுந் நஃபீஸ் (ரஹ்)

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதன் உடலியல் புத்தகத்தில் இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதயத்தின் வலது கீழறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கரியமிலவாயுவை விட்டுவிட்டு, பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. பிறகு அங்கிருந்து உடல் முழுவதற்கும் செல்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நுரையீரல் வழியே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இப்படிப் போய் வருகிறது.

வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியே இடப்பக்கம் சேரும் இந்தப் பாதையை, இன்று கிடைக்கும் நூல்களின்படி, உலகில் முதன்முதலாக எழுதி வைத்தவர் ஒரு ஷாஃபிஈ மத்ஹபு ஆலிம். மத்ரஸாவில் ஃபிக்ஹு நடத்திய உஸ்தாத். அரபிக் கல்லூரியில் நான் ஓதிய ஆண்டுகளில் அன்னாரின் பெயரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஸனது வாங்கிய பிறகுதான், இமாம் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் எழுதிய ஷாஃபிஈ உலமாக்களின் வரலாற்று நூலில் இவர்களுக்கும் ஓர் இடம் இருப்பதை அறிந்தேன்.

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் என்பது முழுப்பெயர். இப்னுந் நஃபீஸ் என்றே உலகம் அழைக்கிறது. ஏறத்தாழ 1213-ல் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார்கள். சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அந்நகரில் கட்டிய நூரி மருத்துவமனையில் வைத்தியம் பயின்றார்கள். ஆசிரியர் முஹத்தபுத்தீன் தக்வார். இந்த ஆசிரியர் ஹிஜ்ரி 622-ல் தம் சொந்த வீட்டையே மருத்துவம் கற்பிக்கும் மத்ரஸாவாக வக்ஃபு செய்தவர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் இப்னுந் நஃபீஸ் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1258-ல் தாத்தாரியர் பக்தாதை அழித்தபோது, கல்வியாளர்களுக்கு நிழலாக நின்ற நகரம் அது. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார்கள். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடமும் நடத்தினார்கள். காலப்போக்கில் எகிப்தின் தலைமை மருத்துவர் ஆனார்கள். ஷீராஸீ இமாமின் தன்பீஹ் என்னும் ஃபிக்ஹு நூலுக்கு விரிவுரை எழுதிய அதே கைதான் ஹிப்போகிரட்டீஸின் மருத்துவ நூலுக்கும் விரிவுரை எழுதியது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஜாலீனூஸ் என்று யூனானி நூல்கள் கூறும் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர். இதயத்தின் வலது அறையையும் இடது அறையையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் இடப்பக்கம் கசிகிறது என்பது அவர் சொன்ன பாடம். ஆயிரம் ஆண்டுகளாக அதை எதிர்த்துப் பேசியவர் இல்லை. மருத்துவ உலகமே தலைமேல் வைத்துக் கொண்டாடிய இப்னு சீனாவின் கானூனும் கேலனின் உடற்கூற்றையே தழுவி நின்றது.

ஹிஜ்ரி 640 (1242) வாக்கில், கானூனில் உள்ள உடற்கூறு பகுதிகளைத் திரட்டி இப்னுந் நஃபீஸ் ஒரு ஷரஹு எழுதினார்கள். அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். ஷரஹு என்றால் மூல ஆசிரியர் சொன்னதை விளக்குவது என்பது நாமறிந்த வழக்கம். ஆனால் இதயத்தைப் பற்றிய இடம் வந்ததும் அவர்கள் மூலத்தோடு உடன்பட மறுத்துவிட்டார்கள். அந்தச் சுவர் தடித்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, கேலன் எண்ணியது போன்ற தெரியாத துளையும் இல்லை. ஆகவே இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே பரவி, காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வந்தாக வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். நுரையீரலின் இருவகைக் குழாய்களுக்கும் இடையே நுண்வழிகள் இருப்பதாகவும் குறித்தார்கள். நுண்ணோக்காடி கொண்டு மால்பிஜி அந்தத் தந்துகிகளைக் கண்டது 1661-ல்தான்.

இன்னொன்றும் சொன்னார்கள். இதயம் தன் அறையில் நிறையும் இரத்தத்திலிருந்து உணவு பெறுவதில்லை. தன் சதைக்குள் ஓடும் குழாய்களிலிருந்தே பெறுகிறது என்றார்கள். இன்று மாரடைப்பு என்கிறோமே, அது அந்தக் குழாய்களில் ஏற்படும் அடைப்புத்தான்.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள்? பிணத்தை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தம் இரக்க குணமும் தம்மைத் தடுத்துவிட்டன என்று அந்த நூலின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே, உடற்கூறு அறுவை கேலனைப் பொய்ப்பிக்கிறது என்றும் எழுதுகிறார்கள். இதை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மிருகங்களின் இதயத்தைப் பார்த்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் ஊகம். அவர்களே சொல்லாத ஒன்றை நாம் அவர்கள்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குர்பானி ஆட்டின் இதயத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர்களுக்கு நடுச்சுவர் எவ்வளவு கனமானது என்பது தெரியும்.

புகழ்ச்சியில் எல்லை மீறவும் கூடாது. நம் மேடைகளில் சிலர், இரத்த ஓட்டம் முழுவதையும் இவர்களே கண்டார்கள் என்று முழங்குகிறார்கள். அது சரியல்ல. இரத்தம் உடல் முழுதும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று நிரூபித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, ஆண்டு 1628. நுரையீரல் பாதையை ஐரோப்பாவில் அச்சில் சொன்னவர் செர்வெட்டஸ், 1553-ல். தம் மதக் கொள்கைகளுக்காக அதே ஆண்டு ஜெனீவாவில் எரித்துக் கொல்லப்பட்டவர் அவர். இப்னுந் நஃபீஸின் கருத்து அவர்களுக்கு எட்டியதா என்பது முடிவாகாத கேள்வி.

நமக்கே எட்டவில்லை என்பதுதான் வேதனை. கானூனை அவர்கள் சுருக்கி எழுதிய மூஜஸ் என்ற நூல் கைக்குக் கை பரவியது. அதற்குப் பலர் ஷரஹு எழுதினார்கள். இந்தியாவின் யூனானி மாணவர்களும் அதை ஓதினார்கள். அதே ஆசிரியரின் உடற்கூறு ஷரஹு மட்டும் அலமாரிகளில் தூங்கியது. 1924-ல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அந்தப் பக்கத்தைக் கண்டெடுத்து ஆய்வேடாக எழுதினார். கிட்டத்தட்ட 680 ஆண்டுத் தூக்கம்!

அவர்கள் எழுதும் முறையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். எழுதுகோல்களைச் சீவித் தயாராக வைத்துவிடுவார்களாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எந்த நூலையும் புரட்டாமல், வெள்ளம்போல் எழுதுவார்கள். முனை மழுங்கினால் அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒருநாள் குளியல் மண்டபத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வெளியே வந்து, மையும் காகிதமும் வரவழைத்து, நாடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டு மீண்டும் குளிக்கப் போனார்களாம். ஷாமில் என்ற பெருநூலை 300 பாகங்களாகத் திட்டமிட்டார்கள். 80 பாகங்களோடு அது நின்றுவிட்டது.

இறுதி நோய் ஆறு நாட்கள். உடனிருந்த மருத்துவர்கள், சிறிது மது அருந்தினால் இந்நோய்க்கு நல்லது என்றார்கள். சொன்னவர்களும் மருத்துவர்கள், கேட்டவரோ அவர்களுக்கெல்லாம் தலைவர். வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 687 துல்கஃதா 21, வெள்ளிக்கிழமை (17-12-1288) கெய்ரோவில் வஃபாத்தானார்கள்.

சுல்தான் கலாவூன் 1284-ல் அந்நகரில் கட்டி முடித்த மன்ஸூரி மருத்துவமனைக்கு அப்போது வயது நான்கு. இப்னுந் நஃபீஸ் தம் வீட்டையும், அதிலிருந்த கிதாபுகள் அத்தனையையும் அந்த மருத்துவமனைக்கே வக்ஃபு செய்திருந்தார்கள்.